காற்றின் மேல் போட்ட பழி

அர்த்தநாரியின் பைக்குக்கு முன்னால் காற்றை மறைக்க மாட்டும் கண்ணாடியில் அது மூன்றாவது. முதலாவது வந்தபோது வெண்ணந்தூரில் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வந்தபோது டீக்கடையில் சிரித்தார்கள். மூன்றாவதைத் தேடி அவன் சேலத்துக்குக் கிளம்பிய அன்று, "பொண்ணுப் பாக்கக்கூட இவன் இத்தன ஊடு ஏறி எறங்கியிருக்க மாட்டான்" என்று டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியசாமி எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னான். அர்த்தநாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் மனுசன் அப்படித்தான், பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

காரியம் என்னவென்றால், மனைவி பாவாயியைக் கோதாவரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அதுவும் பைக்கில்.

அர்த்தநாரி சொந்தமாக முட்டை லாரி ஓட்டியவன். நாமக்கல்லில் ஏற்றிய முட்டையைக் கொல்கத்தாவில் கொண்டுபோய் இறக்குவான். போகிற வழியில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் கோதாவரியைத் தாண்ட வேண்டும். பாலத்தில் ஏறும்போது பெரும்பாலும் விடிந்துகொண்டிருக்கும். அங்கிருந்து வீட்டுக்குப் போன் போடுவான். பாவாயி தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து கேட்பாள். "நம்ம காவேரியாட்ட நாலு காவேரி இருக்கும் புள்ள. ஒருக்கா நீ பாக்கோணும்" என்பான். "ஆகட்டுங்க, பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி தறிக்குப் போய்விடுவாள். சரக்கு ஏற்றிய லாரியில் வீட்டுப் பெண்களைக் கூட்டிப்போகும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. புது லாரிக்குப் பூசை போடும் அன்று முன்சீட்டில் உட்கார வைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவார்கள், அத்தோடு சரி. அதனால் அவன் பாதி இந்தியாவைப் பார்த்துவிட்டான். அவள் தறிக்கூடத்தையும் குச்சிக்கிழங்குக் காட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் நித்யஸ்ரீ கல்யாணமாகிப் பெங்களூர் போன பிறகு, கிளட்ச் மிதித்து மிதித்து இவன் இடது முழங்கால் மக்கர் பண்ணியது. லாரியை விற்றான். கொஞ்ச நாள் தறிக்கூடத்தில் பாவு நூல் பிணைக்கிறேன் என்று வந்து இருக்கிற நூலையும் அறுத்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் ஒரு நாள், இரண்டு பக்கமும் பெட்டி வைத்த உயரமான பைக் ஒன்றில் வாசலில் வந்து நின்றான்.

"முட்டி வலின்னு சொல்லிப்போட்டு இது எதுக்குங்க மாமா?" என்று கேட்டாள் பாவாயி.

"இதுல கிளட்ச்சு கையிலதான புள்ள இருக்குது? கோதாவரிக்கு எடுத்தது. எனக்கில்ல, நமக்கு."

பாவாயிக்குச் சிரிப்பு வந்தது. சந்தோசமும் வந்தது. கொடுத்த வாக்கை மறந்துபோகும் ஆண்கள்தான் அவளைச் சுற்றி நிறைய. அவள் கணவன் மறக்கவில்லை என்பதை கூடத்தில் தறி ஓட்டும் பெண்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். மகளுடைய சுடிதார் ஒன்றை எடுத்துப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று பார்த்து, துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்திக்கொண்டாள்.

புரட்டாசியில் முதல் தடவை கிளம்பினார்கள். வாணியம்பாடி, சித்தூர் என்று அவன் லாரி ஓட்டிய அதே வழி. வழியெல்லாம் அவனுக்குச் சொந்தக்காரன் வீடு மாதிரி. சித்தூர் தாண்டி ஒரு ஓட்டல் முன்னால் நிறுத்தினான். முட்டை லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டல்காரன் பேர் சொல்லிக் கூப்பிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டான். இந்தக் கயிற்றுக் கட்டிலில்தான் படுப்பேன், இந்தத் தொட்டியில்தான் குளிப்பேன் என்று அர்த்தநாரி ஒவ்வொன்றாகக் காட்டினான். தொட்டியைச் சுற்றி நாலைந்து பேர் துண்டோடு நின்று தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பாவாயி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "நல்லாருக்குதுங்க மாமா" என்றாள். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

நாயுடுப்பேட்டையில் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. அதற்கு மேல் வெயில் ஏற ஏறக் கண்ணைத் திறக்க முடியவில்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். எப்படியோ கூடூர் வரை வந்து, ஒரு லாட்ஜில் படுத்து, பொழுது சாய எழுந்து, "என்னால ஆகாதுங்க மாமா. என்னை ரயிலேத்தி உட்டுருங்க" என்றாள். அவன் ரயிலேற்றிவிட்டான். சேலம் ஜங்சனில் அழைத்துப்போக வந்திருந்த தம்பியிடம் அவள் தலைவலி போன இடம் தெரியவில்லை என்றாள். இரண்டாம் நாள் அர்த்தநாரி தனியாகப் பைக்கை ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தபோது தறி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வேணா ஒருக்கா தனியாப் போய்ட்டு வாங்க மாமா. எனக்கு ஒத்துக்கலை" என்று அன்று சோறு போடும்போது சொன்னாள்.

"நான் பாக்காத கோதாவரியா? நீ வரலீன்னா வண்டிய வித்துப்போடலாம்" என்றான் அவன்.

அவன் அப்படிச் சொன்னது கோபத்தில் இல்லை. அதனால்தான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அதன் பிறகு அவன் யோசித்தான். பைக்கில் வந்தால் தலைவலி, ரயிலில் வந்தால் இல்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? காற்று. மணிக்கணக்கில் காற்று முகத்தில் அறைந்தால் யாருக்குத்தான் தலை வலிக்காது. கம்பெனிக்காரன் வைத்திருந்த கண்ணாடி உள்ளங்கை அகலம், அது எதை மறைக்கும். லாரியில் அத்தனை வருசம் அவனுக்குத் தலைவலியே வந்ததில்லை, ஏனென்றால் முன்னால் அத்தனை பெரிய கண்ணாடி. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பாவாயியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் ஊர் ஆண்கள் வண்டியில் ஒரு கோளாறு என்றால் வண்டியைத்தான் கேட்பார்கள், வண்டியில் வந்தவளைக் கேட்க மாட்டார்கள்.

முதலில், இருப்பதிலேயே பெரிய கண்ணாடியாகப் பார்த்து வரவழைத்தான். தலைக்கு மேல் நின்றது. லாரிக்கு ஒட்டுவது போல அதன் மேல்விளிம்பில் 'அர்த்தநாரீஸ்வரர் துணை' என்று சிவப்பெழுத்தில் ஒட்டினான். ஜேடர்பாளையம் அணை வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்று அவளைக் கூட்டிப்போனான். அணையில் தண்ணீர் நிறையப் போனது. மீன் வறுவல் வாங்கிச் சாப்பிட்டார்கள். திரும்பி வரும்போது அவள் ஹெல்மெட்டை யாரோ பின்னாலிருந்து தட்டுவது போலக் காற்று படபடவென்று அடித்தது. வீட்டுக்கு வந்ததும் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். அடுத்து, யாரோ சொன்னார்கள் என்று கறுப்பாய்ச் சின்னதாய் ஒன்று வாங்கி மாட்டினான். அதைப் போட்டுக்கொண்டு மகளைப் பார்க்கப் பெங்களூர் போனார்கள். ஓசூர் தாண்டும்போதே அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"காதுல பஞ்சு வெச்சுப் பாப்பமா?" என்று கேட்டான்.

"நாலு தறி ஓடுற கூடத்துல இருபது வருசமா நிக்கறேன். சத்தத்துக்கு எனக்குத் தலை வலிக்குமுங்களா?" என்றாள். 

இப்படியாகத்தான் மாசி பிறந்த அன்று அர்த்தநாரி, பாவாயியைப் பின்னால் வைத்துக்கொண்டு, பழைய கண்ணாடிகள் இரண்டையும் துணியில் சுற்றி முதுகுப் பையில் போட்டுக்கொண்டு, சேலம் கோட்டைப் பகுதியில் பயாஸின் கடைக்கு வந்து சேர்ந்தான். பயாஸ் பைக்குகளுக்கான கூடுதல் சாமான் விற்பவன். கீழே கடை, மேலே வீடு. முப்பத்தைந்து வயதிருக்கும். துணியைப் பிரித்துப் பெரிய கண்ணாடியை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தான்.

"என்னங்கண்ணா இது, பூனை பிறாண்டின மாதிரி இருக்குது?"

"பேப்பர நனைச்சுத் தொடச்சேன். லாரில அப்படித்தான் தொடைக்கறது."

"இது கண்ணாடியே இல்லீங்கண்ணா. பிளாஸ்டிக். சோப்புத் தண்ணி, பனியன் துணி, அவ்வளவுதான். பேப்பர் போட்டுத் தேச்சா கோடு கோடாத்தான் விழும். இந்தச் சாமி பேர எதுக்கு நேராக் கண்ணுக்கு முன்னாடி ஒட்டியிருக்கீங்க?"

"பின்ன எங்க ஒட்டறது?"

"பெட்டி மேல ஒட்டுங்க. சாமி பின்னாடி இருந்தும் காப்பாத்தும்."

அர்த்தநாரிக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இருந்தாலும் வந்த காரியம் பெரிது என்று பொறுத்துக்கொண்டான். பயாஸ் இருவரையும் பைக்கில் ஏறி உட்காரச் சொன்னான். தெருவில் நிற்கும் பைக்கிலேயே ஓட்டுவது போல உட்கார வைத்து, தான் நாலடி தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு ஒரு கெட்டி அட்டையை எடுத்து வந்து முன்னால் டேப் போட்டு ஒட்டினான்.

"ரோடு தெரியுதுங்களா?"

"அட்டைதான் தெரியுது."

கத்தரியால் மேலே கொஞ்சம் வெட்டினான். "இப்ப?"

"அட்டைக்கு மேல தெரியுது."

"அதான் வேணும். லாரில கண்ணாடி வழியா ரோட்டப் பாப்பீங்க. இதுல கண்ணாடிக்கு மேல பாக்கணும். விளிம்பு உங்க கண்ணுக்குச் சித்தெ கீழ நிக்கணும். காத்து அந்த விளிம்புல ஏறி உங்க ஹெல்மெட்டத் தாண்டிப் போயிடும்."

"பெருசாப் போட்டா முழுசா மறைக்குமல்லோ?"

"உங்கள மறைக்கும். மேல எழும்பின காத்து எங்கயாச்சும் எறங்கித்தானே ஆகணும்? பின்னாடி உக்காந்திருக்கற அக்கா தலையில எறங்கும். அக்கா, படபடன்னு அடிச்சுதுங்களா?"

"அடிச்சுதுங்க" என்றாள் பாவாயி.

"பாத்தீங்களா. நீங்க அக்காவுக்குன்னு வாங்கினீங்க, அது உங்களுக்கு மட்டும் வேலை செஞ்சுருக்கு."

அர்த்தநாரி திரும்பி மனைவியைப் பார்த்தான். "படபடன்னு அடிச்சுதுன்னு சொல்லவே இல்லியே புள்ள?"

"கேக்கலீங்களே" என்றாள் அவள்.

பயாஸ் உள்ளே போய் ஒரு கண்ணாடி எடுத்து வந்தான். உயரம் நடுத்தரம். மேல் விளிம்பு லேசாக வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அடியில் காற்று நுழைய இடுக்கு. அந்த இடுக்கைக் கண்டதும் அர்த்தநாரிக்குச் சந்தேகம் வந்தது, காசு கொடுத்து ஓட்டை வாங்குவதா என்று கேட்டான். உள்ளே கொஞ்சம் காற்று வந்தால்தான் பின்னால் இழுக்காது என்று பயாஸ் விளக்கினான். மழை பெய்தால் என்ன செய்வது, இரவில் எதிர் விளக்கு கூசுமா, வெயிலில் மஞ்சளடிக்குமா என்று அர்த்தநாரி கேட்டுக்கொண்டே போனான். லாரி பாடி கட்டும் பட்டறையில் ஒவ்வொரு ஆணிக்கும் கேள்வி கேட்டுப் பழகியவன். பயாஸும் சளைக்கவில்லை. இரண்டு பேருக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது என்பது பார்த்தாலே தெரிந்தது.

பாவாயி பைக்கை விட்டு இறங்கிக் கடை ஓரமாக நின்றாள். ஒரு காலில் நின்றாள், இன்னொரு காலுக்கு மாறினாள். மேலே மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பயாஸின் மனைவி பஷீரா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இவங்க பேசி முடிக்க நேரமாகும். மேல வாங்க."

"இருக்கட்டுங்க."

"அட வாங்கக்கா."

பாவாயி படியேறினாள். வாசலில் செருப்பை விட்டதும் பஷீரா உட்காரச் சொல்லவில்லை. "மொதல்ல பாத்ரூம் போய்ட்டு வாங்க. அந்தப் பக்கம். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், தூக்கிப் போடணும்" என்றாள். பாவாயி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு வேகமாகப் போனாள்.

திரும்பி வந்தவளிடம் பஷீரா செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். பாவாயி அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். இன்னொரு செம்பு கேட்டு வாங்கினாள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

"காலைல இருந்து தண்ணி குடிக்கலையாக்கா?"

"இல்லீங்க."

"வண்டில வர்றதுனாலயா?"

பாவாயி தலையாட்டினாள். கேட்டவள் பெண் என்பதாலோ, இனி பார்க்கப்போவதில்லை என்பதாலோ, மனதில் வைத்திருந்தது அப்படியே வந்துவிட்டது. "எங்க மாமா நிறுத்தற எடமெல்லாம் லாரிக்காரங்க எடமுங்க. ஆம்பளைங்க மரத்தடியில ஒதுங்கிருவாங்க. நான் எங்க ஒதுங்கறது? அதனால முந்துன நாள் பொழுதோடயே தண்ணிய நிறுத்திப்போடுவேன். வெயில்ல தலை வெடிக்கறாப்புல வலிக்கும். அவரு பாவம், காத்து காத்துன்னு கண்ணாடிய மாத்தீட்டே இருக்கறாரு."

"சொல்ல வேண்டியதுதானேக்கா?"

"எப்படிங்க சொல்லறது. அத்தன ஆசையாக் காட்டிட்டு வாராரு. ஒவ்வொரு எடத்துலயும் எறக்கிவிட்டு என்ற மூஞ்சியப் பாப்பாரு, எனக்குப் புடிச்சுதான்னு. அப்போப் போயி இதச் சொன்னா, அவரு கொண்டாடற எடத்தப் பூராக் கொறை சொன்ன மாதிரி ஆயிருமுங்க."

பஷீரா சிரிக்கவில்லை. "நான் இவரோட ஏர்வாடிக்குப் போனப்ப எனக்கும் இதே கதிதான். ரெண்டாம் நாள் காய்ச்சல்ல படுத்தேன். அப்புறம்தான் சொன்னேன். சொல்லாம அவங்களுக்குத் தெரியாதுக்கா. நெசமாவே தெரியாது" என்று சொல்லி நன்னாரி சர்பத் கலக்கப் போனாள்.

கீழே கண்ணாடி மாட்டி முடிந்திருந்தது. மல்லூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னான் பயாஸ். போனார்கள். பாவாயியின் ஹெல்மெட்டில் அடி விழவில்லை. காற்று தோளுக்கு மேல் லேசாக வழிந்து போனது. இரண்டு பக்கமும் சோளத்தட்டை அறுத்துப் போட்டிருந்த காடு, வெயிலில் ஒரு வாசம். வயிறும் இலகுவாக இருந்ததால் முதல் தடவையாக அவள் ரோட்டைப் பார்த்தாள். இப்படியே ஓட்டிக்கொண்டு போனால்கூட நன்றாக இருக்குமே என்று நினைத்தாள்.

கடைக்குத் திரும்பி இறங்கியதும் அர்த்தநாரி கேட்டான், "தலைவலி?"

"இல்லீங்க."

"கொஞ்சம்கூட?"

"இல்லீங்க மாமா."

அவன் பயாஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.  மாடியிலிருந்து பஷீரா பாவாயியைப் பார்த்தாள். பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய் ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள். அவன் மகளுக்குப் போன் போட்டு, "கண்ணாடி சிக்கிருச்சு சாமி. உங்கம்மாளுக்குத் தலைவலி போயே போச்சு" என்றான். அடுத்த வாரமே கிளம்பலாம் என்றான். போனை வைத்துவிட்டு, எங்கெங்கே நிறுத்துவது என்று சொல்ல ஆரம்பித்தான். சித்தூர் ஓட்டலில் காலைச் சாப்பாடு. நெல்லூர் தாண்டி ஒரு சர்தார் தாபா, அங்கே மோர். ஓங்கோல் பக்கத்தில் பஞ்சர் கடை மரத்தடியில் ஒரு தூக்கம். அவன் முகம் பளபளவென்று இருந்தது. இப்போதும் சொல்லாவிட்டால் மறுபடி கூடூரில்தான் போய் விழ வேண்டும் என்று பாவாயிக்குத் தெரிந்தது.

"அங்கெல்லாம் நான் எங்கீங்க மாமா போறது?"

"எங்க போறதுன்னா?"

"ஒண்ணுக்கு."

அவன் உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்தான்.

"பெட்ரோல் பங்க்குல இருக்குமே புள்ள."

"இருந்துச்சுங்க. ஒண்ணு பூட்டியிருந்துச்சு. இன்னொண்ணுல தாழ்ப்பாளே இல்ல, வாசல்ல டிரைவருங்க வரிசையா நின்னுட்டிருந்தாங்க. நான் போய்ப்போட்டுத் திரும்பிட்டேன். நீங்க டீ ஆறுதுன்னு கூப்புட்டீங்க."

"அப்பறம்?"

"அப்பறம் என்னங்க. தண்ணியே குடிக்காம வந்தேன்."

"கூடூர் வரைக்குமா?"

"ஆமாங்க."

"ஜேடர்பாளையத்துக்கும்?"

"ஆமாங்க. பெங்களூருக்கும்."

அவன் சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தான். பிறகு, "ரயில்ல" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். ரயிலில் என்ன இருக்கிறது என்பது அவனுக்கே விளங்கிவிட்டது.

"இந்தக் கண்ணாடி நல்லாத்தாங்க இருக்குது. தலையில அடிக்கறதில்ல. பயாஸ் தம்பி சரியாத்தான் போட்டுக் குடுத்திருக்கறாரு. ஆனா தலைவலி காத்துனால இல்லீங்க" என்றாள் பாவாயி. சொன்ன பிறகு அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் கோபப்படவில்லை. தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான், கை கழுவினான், வாசலுக்குப் போய்ப் பைக் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலையிலிருந்து போன் போட ஆரம்பித்தான். இப்போதும் கொல்கத்தா வண்டி ஓட்டும் சபரிநாதனைக் கூப்பிட்டான்.

"சபரி, ஓங்கோலுக்கு இந்தப் பக்கம், ஊட்டுப் பொம்பளைங்க பாத்ரூம் போறாப்புல நல்ல எடம் ஏதாச்சும் இருக்குதா?"

சபரிநாதன் கொஞ்ச நேரம் யோசித்தான். "நம்ம ஓட்டல்ல தொட்டி இருக்குதுங்கண்ணா."

"தொட்டியில ஆம்பளைங்க குளிக்கறம். பொம்பளைங்களுக்குக் கேக்கறேன்."

"நம்ம வண்டில பொம்பளைங்களே வாரதில்லீங்களே அண்ணா. எனக்கெப்படித் தெரியும்?"

இன்னும் நாலைந்து பேரைக் கேட்டான். எந்த ஊரில் டயர் நல்ல டயர், எந்தச் செக்போஸ்ட்டில் நேரமாகும், எங்கே நடுராத்திரியில் சுடு சோறு கிடைக்கும் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். இதற்கு ஒருவனிடமும் பதில் இல்லை. அர்த்தநாரிக்கு வெட்கமாக இருந்தது. அந்த ரோட்டை உள்ளங்கை போலத் தெரியும் என்று பெருமை பேசியவன் அவன். பெண்டாட்டிக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவைக் காட்ட முடியவில்லை. அந்த வெட்கத்திலேயே இரண்டு நாள் தறிக்கூடத்துப் பக்கம் வராமல் கிழங்குக் காட்டில் போய் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் நாள் பாவாயியே வந்தாள். சோற்றுப்போசியை வரப்பில் வைத்தாள்.

"இந்த வாரம் போலாமுன்னு சொன்னீங்களே."

"உன்னைக் கூட்டீட்டுப் போயி நான் எங்க நிறுத்தறது? எனக்கு ஒரு எடமும் தெரியாது புள்ள."

"உங்களுக்குத் தெரியாட்டிப் போகுது. நான் சொல்ற எடத்துல நிறுத்துங்க. அவ்வளவு தூரத்துக்கு வழியில ஊடே இல்லாமலா போயிருது?"

அவன் நம்பிக்கையில்லாமல்தான் கிளம்பினான். விடிந்ததிலிருந்தே அவள் வேண்டுமென்றே அவன் பார்க்கத் தண்ணீர் குடித்தாள். சித்தூர் ஓட்டலைத் தாண்டும்போது அவன் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். நிறுத்தவில்லை, ஓட்டல்காரனுக்குக் கையை மட்டும் காட்டிவிட்டுப் போனான். அதற்கு அப்புறம் கொஞ்ச தூரத்தில் அவள் வலது தோளைத் தட்டினாள். ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஓட்டு வீடு. வாசலில் ஒருத்தி மாட்டுக்குத் தட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பாவாயி ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு நேராக அவளிடம் போனாள். தறிக்கூடத்துப் பெண்களிடம் பொறுக்கிய தெலுங்கு கொஞ்சம் அவளிடம் உண்டு. என்ன பேசினாள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் தட்டையைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனாள்.

அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. நெல்லூருக்கு முன்னால் ஒரு வீடு, ஓங்கோல் பக்கம் மிளகாய் காயப்போட்டிருந்த களத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. எங்கே வாசலில் பெண் நிற்கிறாளோ அங்கே பாவாயியின் கை தோளில் விழுந்தது. அவன் பைக்கை மரத்தடியில் நிறுத்தி, இரண்டு ஹெல்மெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். லாரி நிற்கும்போது கிளீனர்கள் இப்படித்தான் காத்திருப்பார்கள். அவள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது ஒன்றோடு வெளியே வந்தாள். ஒரு கை நிறையப் பச்சைக் கடலை, ஒரு வீட்டில் தலையில் வைத்துவிட்ட கனகாம்பரம். அந்த வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள், இந்த வீட்டில் மிளகாய்க்கு விலையில்லை என்று அவள் பைக்கில் ஏறிக்கொண்டே சொன்னாள். எத்தனையோ வருசம் அந்தக் களங்களைத் தாண்டி ஓடியவனுக்கு அதெல்லாம் புதிதாக இருந்தது. இரவு வெகு நேரம் கழித்து விஜயவாடா போய்ச் சேர்ந்து லாட்ஜில் தங்கினார்கள். அவளுக்குத் தலை வலிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், கோதாவரிக்குப் போய்ச்சேர இன்னும் கொஞ்ச தூரமே இருந்தபோது, தோளில் கை விழுந்தது. வயலோரத்தில் தென்னங்கீற்று வேய்ந்த சின்ன வீடு. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் பாவாயி வயதுக்காரி. பாவாயி உள்ளே போய்விட்டு வந்து, அந்த அம்மாள் கொடுத்த செம்பை வாங்கி முற்றத்தில் நின்று குடித்தாள். இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரித்தார்கள். அந்த அம்மாள் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டி என்னவோ கேட்டாள்.

"மாமா, உங்களையும் உள்ள வரச் சொல்றாங்க" என்று கூப்பிட்டாள் பாவாயி.

"நான் எதுக்கு? பாலம் பக்கத்துல வந்துருச்சு, சீக்கிரம் போகோணும் புள்ள."

"பாலம் எங்கியும் போயிராதுங்க. சோத்துக்கு இலை போட்டுட்டாங்க. வாங்க."

அவன் ஹெல்மெட்டுகளைப் பைக்கின் மேல் வைத்தான். செருப்பைக் கழற்றினான். அந்த அம்மாள் வாளியைக் காட்டினாள், கால் கழுவினான். கீற்று தாழ்வாக இருந்தது, தலையைக் குனிந்துகொண்டுதான் போக வேண்டியிருந்தது. முட்டை லாரியில் கணக்கில்லாமல் போய் வந்த ரோடு அது. அந்த ரோட்டில் ஒரு வீட்டுக்குள் அர்த்தநாரி கால் வைத்தது அன்றைக்குத்தான்.